"ரயிலெல்லாம் டைமுக்கு வந்துச்சுங்க!" - கொங்கு மண்ணில் 50 ஆண்டுகளாக ஓயாத எமர்ஜென்சி வாக்குவாதம்

ஜூன் மாதக் கடைசி வாரம் வந்தால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு விதமான ஃபார்வர்டுகள் வந்து விழும். ஒன்று, எமர்ஜென்சியை 'இருண்ட காலம்' என்று சொல்வது. இன்னொன்று, 'அன்னைக்கு மாதிரி ஒரு கண்டிப்பு இன்னைக்கும் வேணும்' என்று ஏங்குவது. முதலாவதை அனுப்புகிறவர் பெரும்பாலும் அப்போது பிறந்தே இருக்க மாட்டார். இரண்டாவதற்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறவர் எழுபதைத் தாண்டிய அப்பாருவாக இருப்பார்.

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் இந்த வாக்குவாதத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. "ரயிலெல்லாம் டைமுக்கு வந்துச்சுங்க. ஆபீஸ்ல ஆளுக பத்து மணிக்கு சீட்ல இருந்தாங்க" என்று ஒருவர் ஆரம்பித்தால், "தீபாவளி போனஸைப் பாதியாக்குனதும் அப்பத்தானுங்க" என்று பக்கத்து பெஞ்சில் இருந்து பதில் வரும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதனால்தான் இந்தப் பேச்சு ஐம்பது வருடமாக முடியாமல் இழுத்துக்கொண்டே போகிறது.

2024 ஜூலையில் மத்திய அரசு ஜூன் 25-ம் தேதியை 'அரசியல் சாசனப் படுகொலை தினம்' என்று அறிவித்தது. 2025-ல் ஐம்பதாவது ஆண்டு வந்தது. அதன் பிறகு விவாதம் முழுக்கக் கட்சிக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. அன்றைக்கு யார் யாரைச் சிறையில் போட்டார்கள், இன்றைக்கு யார் யாரோடு கூட்டணி என்று டி.வி-யில் கத்தித் தீர்க்கிறார்கள். கொங்கு மண்ணின் கதை டெல்லிக் கதையும் அல்ல, முழுக்கச் சென்னைக் கதையும் அல்ல. அதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை.

ஒரே ராத்திரியில்...

இளைய தலைமுறைக்காகச் சுருக்கமாக. 1975 ஜூன் 12-ல் பிரதமர் இந்திரா காந்தியின் ரேபரேலி தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா தீர்ப்பளித்தார். பதவி விலகச் சொல்லி எதிர்க்கட்சிகள் போராட்டத்தில் இறங்கின. ஜூன் 25 இரவு, நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால், குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். அமைச்சரவைக்கே மறுநாள் காலையில்தான் விஷயம் தெரியும். டெல்லிப் பத்திரிகை அலுவலகங்களுக்கு அன்றிரவே மின்சாரம் நிறுத்தப்பட்டது.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: வங்கதேசப் போரை ஒட்டி 1971 டிசம்பரில் அறிவித்த எமர்ஜென்சி அப்போதும் நடப்பில்தான் இருந்தது. அது வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கானது. புதிதாக வந்தது 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணத்துக்காக. ஆக, நாட்டில் ஒரே சமயத்தில் இரண்டு எமர்ஜென்சி! இரண்டாவது 1977 மார்ச் 21 வரை நீடித்தது. மொத்தம் 21 மாதம்.

விசாரணை இல்லாமல் உள்ளே வைக்க 'மிசா' சட்டம் இருந்தது. நாடு முழுக்க மிசாவில் 34,988 பேர், இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி 75,818 பேர் கைதானதாகப் பின்னர் வந்த ஷா கமிஷன் கணக்குச் சொன்னது.

ஏழு மாதம் ஒரு கதை, பதினாலு மாதம் வேறு கதை

தமிழ்நாட்டில் இந்த 21 மாதம் ஒரே மாதிரி ஓடவில்லை. முதல் ஏழு மாதம் கருணாநிதி தலைமையில் தி.மு.க. ஆட்சி. பிரகடனம் வந்த இரண்டாவது நாளே அதை எதிர்த்துத் தி.மு.க. செயற்குழு தீர்மானம் போட்டது. வடக்கில் தேடப்பட்ட தலைவர்கள் இங்கே வந்து மூச்சுவிட்டார்கள். 1976 ஜனவரி 31-ல் அந்த ஆட்சி கலைக்கப்பட்டது. ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிய இரண்டு மாதம்கூட முழுதாக இல்லை. அன்றிரவே வீடுகளின் கதவு தட்டப்பட்டது.

சென்னை மத்தியச் சிறையில் நடந்தது தமிழகம் நன்றாக அறிந்த கதை. பின்னாளில் முதல்வரான மு.க.ஸ்டாலின் உட்படப் பலர் பிப்ரவரி 2-ம் தேதி இரவு அடித்து நொறுக்கப்பட்டார்கள். சென்னையின் முன்னாள் மேயரும் எம்.பி-யுமான சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்துபோனார். சிறையில் அடி விழுந்தது உண்மை என்று நீதிபதி எம்.எம்.இஸ்மாயில் கமிஷன் பிறகு உறுதிசெய்தது.

இதெல்லாம் அன்றைக்கு ஈரோட்டிலோ பல்லடத்திலோ இருந்தவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. கைதானவர்கள் பட்டியலைப் போடக்கூட அனுமதி கிடையாது. அண்ணா நினைவு நாளான பிப்ரவரி 3-ல் 'அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள்' என்ற தலைப்பில் 'முரசொலி' ஒரு பெயர்ப் பட்டியலைப் போட்டது. படித்தவர்கள் புரிந்துகொண்டார்கள். ஆனால், அந்தப் பத்திரிகையைத் தினமும் வாங்காத வீட்டுக்கு அந்தச் செய்தியும் போய்ச் சேரவில்லை.

இன்றைய அப்பாரு "அப்படியொண்ணும் கொடுமை நடக்கலைங்களே" என்று சொல்லும்போது, அவர் எதையும் மறைக்கிறார் என்று அர்த்தம் இல்லை. அவருக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. பார்க்காத ஒன்றை அவர் எப்படி நினைவில் வைத்திருப்பார்?

கலைப்புக்கு ஏன் கண்ணீர் வரவில்லை?

இன்னொரு காரணமும் உண்டு. தி.மு.க. ஆட்சி மீது கொங்கு விவசாயிகளுக்கு ஏற்கெனவே கோபம் இருந்தது. பம்புசெட் மின்கட்டணம் யூனிட்டுக்கு இரண்டு பைசா ஏறியதற்காக நடந்த போராட்டத்தில், 1970 ஜூனில் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தையே நிறுத்தினார்கள். அந்த ஆண்டும் பல ஊர்களில் துப்பாக்கிச்சூடு நடந்தது.

அதே 1972-ல்தான் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்டார். 1974-ல் கோவையில் நாடாளுமன்றத் தொகுதிக்கும் கோவை மேற்குச் சட்டமன்றத் தொகுதிக்கும் இடைத்தேர்தல் வந்தது. நாடாளுமன்றத்துக்கு இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பார்வதி கிருஷ்ணன், சட்டமன்றத்துக்கு அ.தி.மு.க-வின் அரங்கநாயகம். இரண்டு பேரும் ஜெயித்தார்கள். ஆட்சி கலைக்கப்படுவதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே கோவை மனசு மாறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

சென்னையில் கலைப்பு என்றால் 'ஜனநாயகப் படுகொலை'. கொங்குத் தோட்டங்களில் அன்றைக்குப் பலருக்கு அது 'நம்ம மேல சுட்ட கவர்மென்ட் போச்சு'.

கோவைக்கு வாய்த்த இரண்டு பேர்

எமர்ஜென்சிக் காலத்தில் கோவையின் எம்.பி. பார்வதி கிருஷ்ணன். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள குமாரமங்கலம் ஜமீன் குடும்பம். சென்னை மாகாணத்தின் முன்னாள் முதல்வர் டாக்டர் பி.சுப்பராயனின் மகள். ஜமீன் வீட்டுப் பெண், மில் தொழிலாளர் சங்கத்துக்காக வாழ்நாள் முழுக்க உழைத்தவர். அவருடைய அண்ணன் மோகன் குமாரமங்கலம் இந்திரா அமைச்சரவையில் இருந்தவர். 1973 மே மாதம் டெல்லியில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்தார். அதே விமானத்தில் இறந்த இன்னொருவர், அப்போதைய கோவை எம்.பி. பாலதண்டாயுதம். அந்தக் காலி இடத்துக்குத்தான் பார்வதி வந்தார்.

அவருடைய கட்சி எமர்ஜென்சியை ஆதரித்தது. வலதுசாரிகள் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்க்கிறார்கள், அதைத் தடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். மார்க்சிஸ்ட் கட்சி எதிர்த்தது. சின்னியம்பாளையம் தியாகிகள் நான்கு பேர் 1946-ல் தூக்கிலேறிய ஊர் கோவை. செங்கொடியின் பாரம்பரியம் அப்படிப்பட்ட ஊரிலேயே செங்கொடி இரண்டு பக்கமாக நின்றது.

இன்னொருவர் சி.சுப்பிரமணியம். பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்துக்காரர். பசுமைப் புரட்சியால் நாடே அறிந்தவர். 21 மாதமும் இந்தியாவின் நிதியமைச்சர் அவர்தான்.

போனஸ் கணக்கு

கோவையில் எமர்ஜென்சியை அளக்க ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. தீபாவளி போனஸ்!

1972-லிருந்து குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். அது என்ன விநோதமான எண் என்று கேட்பவர்களுக்கு: நூறைப் பன்னிரண்டால் வகுத்தால் 8.33. அதாவது வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். 1975 செப்டம்பர் கடைசியில், தீபாவளிக்கு ஐந்தாறு வாரம் இருக்கும்போது, ஓர் அவசரச் சட்டம் வந்தது. குறைந்தபட்சம் 4 சதவீதம் போதும் என்றது. மாதம் 300 ரூபாய் வாங்கும் தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். வருடச் சம்பளம் 3,600. பழைய கணக்குக்கு 300 ரூபாய் உறுதி. புதுக் கணக்குக்கு 144 ரூபாய்தான் உறுதி.

பிள்ளைகளுக்குத் துணி, எண்ணெய்ப் பலகாரம், மகளைக் கட்டிக்கொடுத்த முதல் வருடம் என்றால் தலைத் தீபாவளிச் சீர். மில் தொழிலாளி வீட்டில் இதெல்லாம் போனஸை நம்பித்தான். மற்ற வருடமாக இருந்தால் வாயிற்கூட்டம், வேலைநிறுத்தம் என்று மில் வாசல்கள் கொதித்திருக்கும். ஆனால் இப்போது ஸ்ட்ரைக் என்று வாயைத் திறந்தாலே உள்ளே போகலாம் என்ற நிலை. எமர்ஜென்சியை ஆதரித்த கட்சியின் தொழிற்சங்கமும் இந்த அடியைச் சேர்ந்தே வாங்கியது.

நாடு முழுக்க வேலைநிறுத்தம், கதவடைப்பால் இழந்த மனித நாட்கள் 1974-ல் சுமார் 4 கோடி. 1976-ல் அது சுமார் 1.27 கோடி. 'தொழில் அமைதி' என்று அன்றைய அரசு விளம்பரம் செய்தது இதைத்தான். மில் முதலாளிக்கு அது அமைதி. தொழிலாளிக்கு, கேட்க வேண்டிய இடத்தில் கேட்க முடியாமல் போனது. 1977-ல் ஆட்சி மாறிய பிறகு 8.33 திரும்ப வந்தது.

அப்பாரு சொல்வதிலும் நியாயம் உண்டு

விலைவாசி குறைந்தது. இது கற்பனை அல்ல. 1974-75-ல் மொத்த விலை சுமார் 25 சதவீதம் ஏறியிருந்தது; மறு ஆண்டே ஏற்றம் நின்று விலை லேசாக இறங்கியது. அரிசிக்கும் எண்ணெய்க்கும் அல்லாடிய குடும்பங்களுக்கு அது மறக்கக்கூடிய விஷயமா?

ஆனால், ஒரு சின்னக் கேள்வி கேட்டுப் பார்க்கலாம். விலையை இறக்கியது எது? பணப்புழக்கத்தை இறுக்கியது, அகவிலைப்படி உயர்வில் பாதியைப் பிடித்துவைத்தது போன்ற நடவடிக்கைகள் 1974 ஜூலையிலேயே தொடங்கிவிட்டன. 1975-ல் பருவமழை நன்றாகப் பெய்தது. ரயில் வேலைநிறுத்தம் முந்தைய ஆண்டு மே மாதமே முடிந்துபோன விஷயம். மழைக்கும் மிசாவுக்கும் சம்பந்தம் இல்லைதானே!

அதேசமயம் எமர்ஜென்சியில் பிறந்ததெல்லாம் கெட்டது என்றும் சொல்லிவிட முடியாது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் காலத்தில் வந்ததுதான். 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976-ல் முழுச் சட்டமானது. வாங்கிய முன்பணத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையத்தில் கிடந்தவர்களுக்கு அது ஒரு கதவைத் திறந்தது. செங்கல் சூளை, அரிசி ஆலைகளில் இருந்து குடும்பங்களை மீட்கும்போது இன்றும் அதிகாரிகள் எடுப்பது இந்தச் சட்டத்தைத்தான். கொங்கு நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களை வேலைக்கு வைத்த விவகாரத்திலும் இதே சட்டம்தான் பேசப்பட்டது.

39-க்கு 34!

1977 மார்ச் தேர்தலில் வட இந்தியா இந்திராவைத் தூக்கி எறிந்தது. உத்தரப்பிரதேசத்தில் 85 தொகுதி, பீகாரில் 54 தொகுதி. இரண்டிலும் காங்கிரசுக்குப் பூஜ்யம். ரேபரேலியில் இந்திராவே தோற்றார். தமிழ்நாட்டிலோ அ.தி.மு.க. - காங்கிரஸ் - இந்தியக் கம்யூனிஸ்ட் அணிக்கு 39-க்கு 34 இடம். கோவையில் பார்வதி கிருஷ்ணன் மறுபடியும் ஜெயித்தார். பழனியில் சி.சுப்பிரமணியம் ஜெயித்தார்.

அப்படியானால் மக்கள் எமர்ஜென்சிக்கு ஓட்டுப் போட்டார்களா? இதுதான் விவாதத்தின் முடிச்சு. வடக்கே கட்டாயக் கருத்தடை வீட்டுக்குள் புகுந்து பயமுறுத்தியது. 1976-77 ஒரே ஆண்டில் நாட்டில் 81 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. அதன் கொடூரம் வட மாநிலங்களில் உணரப்பட்ட அளவுக்கு இங்கே உணரப்படவில்லை. இங்கே தேர்தல் இந்திராவா, ஜனநாயகமா என்று நடக்கவில்லை, எம்.ஜி.ஆரா, கருணாநிதியா என்று நடந்தது. கருணாநிதி மீது சர்க்காரியா கமிஷன் விசாரணை வேறு ஓடிக்கொண்டிருந்தது. வாக்காளர் அவர் கண்ணுக்குத் தெரிந்த கேள்விக்குப் பதில் சொன்னார். 34 என்ற எண்ணைக் காட்டி 'தமிழன் எமர்ஜென்சியை ஏற்றுக்கொண்டான்' என்பது அவருக்குக் கேட்கப்படாத கேள்விக்கு நாம் விடை எழுதுவது.

வாளையார் தாண்டினால் கேரளா. அங்கே 20-க்கு 20 தொகுதியும் ஆளும் அணிக்கு. ஓட்டு எண்ணிய சூடு ஆறும் முன்னால், கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனின் கதை வெளியே வந்தது. 1976 மார்ச் முதல் தேதி போலீஸ் பிடித்துக்கொண்டு போன பையன் திரும்பவே இல்லை. அப்பா ஈச்சர வாரியர் ஒவ்வொரு வாசலாகத் தட்டினார். எமர்ஜென்சி முடிந்த பிறகுதான் ஆட்கொணர்வு மனு போட முடிந்தது. எமர்ஜென்சிக் காலத்தில் உள்துறை அமைச்சராக இருந்து, அப்போதுதான் முதல்வராகியிருந்த கருணாகரன் ஏப்ரலில் பதவி விலக நேர்ந்தது. ராஜனின் உடல் கிடைக்கவே இல்லை. அந்தச் செய்தி மார்ச்சுக்கு முன்னாலேயே பேப்பரில் வந்திருந்தால் 20-க்கு 20 விழுந்திருக்குமா என்பது மலையாளிகள் இன்றும் கேட்டுக்கொள்ளும் கேள்வி.

கட்சிகள் மாறின, நாற்காலிகள் மாறின

கட்சி வைத்து இந்த விவாதத்தைத் தீர்க்க நினைப்பவர்கள் 1980-ஐ ஒருமுறை பார்க்க வேண்டும். சிறையில் அடி வாங்கிய தி.மு.க., 'நேருவின் மகளே வருக' என்று இந்திராவை வரவேற்று, கூட்டணியாக 37 இடங்களை அள்ளியது. எமர்ஜென்சியின்போது இந்திரா பக்கம் நின்ற எம்.ஜி.ஆரின் ஆட்சி, அடுத்த மாதமே அதே 356-வது பிரிவால் கலைக்கப்பட்டது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 1978 பட்டிண்டா மாநாட்டில், ஆதரித்தது தவறு என்று ஒப்புக்கொண்டது. இதில் யார் கையைக் காட்டி யார் பேசுவது?

சட்டத்திலும் இப்படித்தான். எமர்ஜென்சியில் வந்த 42-வது திருத்தம், கல்வியை மாநிலப் பட்டியலில் இருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. நீட் சண்டையின் வேர் அங்கே இருக்கிறது. அதே திருத்தம்தான் மக்களவைத் தொகுதிப் பங்கீட்டை 1971 கணக்கெடுப்போடு நிறுத்திவைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் சீட்டை இழக்கக் கூடாது என்று இன்று தமிழ்நாட்டுக் கட்சிகள் பிடித்துக்கொண்டு நிற்கும் பாதுகாப்பு, எமர்ஜென்சி கொடுத்தது! ஒரே திருத்தத்தின் ஒரு பக்கத்தைச் சபிக்கிறோம், மறு பக்கத்தைக் கட்டிப் பிடிக்கிறோம்.

மறுபடி வருமா?

வாட்ஸ்அப் விவாதம் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. 1978-ல் வந்த 44-வது திருத்தம் சில பூட்டுகளைப் போட்டிருக்கிறது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற ரப்பர் வார்த்தை போய், 'ஆயுதக் கிளர்ச்சி' வந்தது. அமைச்சரவை எழுத்து மூலம் பரிந்துரைத்தால்தான் குடியரசுத் தலைவர் கையெழுத்திட முடியும். ஒரு மாதத்துக்குள் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உயிர் வாழும் உரிமையை எந்த எமர்ஜென்சியிலும் நிறுத்த முடியாது.

கடைசிப் பூட்டு ஏன் வந்தது? ஒன்பது உயர்நீதிமன்றங்கள் மிசா கைதிகளின் மனுவைக் கேட்கலாம் என்றன. உச்ச நீதிமன்றம் 1976 ஏப்ரல் 28-ல், கேட்க முடியாது என்று 4-க்கு 1 என்ற கணக்கில் சொன்னது. போலீஸ்காரர் ஒருவரைச் சட்டவிரோதமாகச் சுட்டுக் கொன்றாலும் வழியில்லையா என்று நீதிபதி கன்னா கேட்டார். எமர்ஜென்சி இருக்கும்வரை இல்லை என்பதுதான் அரசுத் தரப்பின் பதில். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய ஒரே ஆள் கன்னா. அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி போனது. அந்தத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே சொல்ல 2017 ஆனது.

ஆனால், விசாரணை இல்லாமல் உள்ளே வைப்பதற்கு எமர்ஜென்சியே தேவையில்லை. மிசா போன பிறகு 1980-ல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1982-ல் தமிழ்நாடு தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டது. 'குண்டாஸ்' என்று சின்னப் பிள்ளைகளும் சொல்லும் சட்டம். அதை அடுத்தடுத்து வந்த எந்த ஆட்சியும் கைவிடவில்லை. அதில் ஒருவரை ஓராண்டு வரை வைத்திருக்கலாம். ஐந்து நாளுக்குள் காரணங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். மூன்று வாரத்துக்குள் ஆலோசனைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் குழு முன்னால் வக்கீல் வைத்து வாதாட முடியாது.

கோவையில் ஒரு பையன் மீது குண்டாஸ் பாய்ந்தால், அவனுடைய அம்மா வக்கீலைப் பார்த்து, காகிதங்களைத் திரட்டி, சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். உத்தரவு தமிழில் தரப்படவில்லை, காகிதம் தாமதமாக வந்தது என்பது போன்ற காரணங்களுக்காகவே பல உத்தரவுகள் அங்கே ரத்தாகின்றன. 1976-ல் மகன் மிசாவில் உள்ளே இருந்த அம்மாவுக்கும் கோவையிலிருந்து ராத்திரி ரயில் இருந்தது, நேரத்துக்கும் போய்ச் சேர்ந்தது. மனுவை வாங்கிப் படிக்கத்தான் கோர்ட் இல்லை.